ஆசேரின் மகள்



வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்துவிடுவது என்று உறுதி எடுப்பவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வம்ச அட்டவணைதான். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பெயர்கள் வரிசைகட்டத் தொடங்கியதும் விரல் தானாகப் பக்கத்தைப் புரட்டிவிடும். அப்படிப் புரட்டப்படும் பக்கம் ஒன்றில் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச ஆசை. அவள் பெயர் செராக்கு. யாக்கோபின் பேத்தி, ஆசேரின் மகள்.

எபிரேய வேதத்தில் அவள் பெயர் மூன்றே இடங்களில் வருகிறது. பஞ்ச காலத்தில் யாக்கோபு குடும்பத்தோடு எகிப்துக்குப் புறப்படும்போது, உடன் போனவர்களை ஆதியாகமம் 46ஆம் அதிகாரம் எண்ணிச் சொல்கிறது. மொத்தம் எழுபது பேர். மகள்களும் மகன்களின் மகள்களும் போனார்கள் என்று பன்மையில் சொல்லிவிட்டு, அவர்களில் இருவரை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: மகள் தீனாள், பேத்தி செராக்கு. தீனாளுக்காவது ஒரு துயரக் கதை உண்டு. பேத்திக்கு அதுவும் இல்லை. நான்கு சகோதரர்களின் பெயருக்குப் பின்னால் அவள் பெயர், அவ்வளவுதான்.

இரண்டாவது இடம் எண்ணாகமம் 26. எகிப்தில் அடிமைப்பட்டு, விடுதலையாகி, நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் அலைந்தபின், மோவாபின் சமவெளியில் மோசே மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார். இருபது வயதும் அதற்கு மேலும் ஆன, போருக்குப் போகத்தக்க ஆண்களின் கணக்கு அது: 6,01,730 பேர். ஆசேர் கோத்திரத்துக்கு 53,400. இந்தத் தொகைக்குச் சற்று முன்னால், சம்பந்தமே இல்லாததுபோல், ஆசேருக்கு ஒரு மகள் இருந்தாள் என்று ஒரு வரி. மூன்றாவது முறை 1 நாளாகமம் 7இல் வருவது பழைய பட்டியலின் மறுபதிவுதான். அவள் ஒரு வார்த்தை பேசியதாகவோ, மணந்ததாகவோ, இறந்ததாகவோ எங்கும் இல்லை.

பத்திரிகை மேஜையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு எண்ணாகமத்து வரி உறுத்தும். போர்வீரர் கணக்கில் இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டு நாங்கள் அடித்துவிட்டிருப்போம். யூத அறிஞர்கள் அப்படிச் செய்யவில்லை. வேதத்தில் மிகையான சொல் ஒன்றுகூட இருக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. கூடுதலாக ஒரு பெயர் நின்றால் அதற்குக் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அவள் பெயரின் பொருளே ஏறத்தாழ ‘கூடுதல்’ என்பதுதான். ஆபிரகாமின் மனைவி சாராளின் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எபிரேயத்தில் இரண்டுக்கும் எழுத்தே வேறு. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களே எண்ணாகமத்தில் இவளைச் சாரா ஆக்கிவிட்டார்கள். செராக்கு என்ற பெயரின் வேர், அளவுக்கு மேல் வழிந்து தொங்குவதைக் குறிக்கும். யாத்திராகமம் 26இல் ஆசரிப்புக் கூடாரத்தின் மூடுதிரைகளை விவரிக்கும்போது, மிச்சமான பாதித்திரை பின்புறத்தில் தொங்கட்டும் என்று வருகிறதே, அங்கே இருப்பது இதே ஒலியுள்ள சொல்தான். ‘நிறைவு’, ‘பெருக்கம்’ என்று பெயர் அகராதிகள் நல்லெண்ணத்தோடு பொருள் எழுதுகின்றன. எனக்கென்னவோ ‘மிச்சம்’ என்பதே அவளுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு ரபிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். எகிப்துக்குப் போனவர்களில் அவள் இருக்கிறாள். எகிப்திலிருந்து வெளியே வந்து எல்லையில் நிற்பவர்களின் கணக்கிலும் இருக்கிறாள். இடையில் கழிந்த காலம் யாத்திராகமத்தின்படி 430 ஆண்டு; யூத மரபு எகிப்தில் தங்கிய காலத்தை மட்டும் 210 ஆண்டாகக் கணக்கிடுகிறது. எப்படிப் பார்த்தாலும், அவள் சாகவே இல்லை என்றாகிறது. பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: அவள் அப்போதும் உயிரோடு இருந்ததால் குறிப்பிடப்பட்டாள்.

உயிரோடு இருந்தவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? கதைகள் இங்கேதான் கிளைக்கின்றன. மகன் யோசேப்பு இறந்துவிட்டதாக நம்பி யாக்கோபு பல ஆண்டுகளாகத் துக்கத்தில் இருக்கிறார். அவன் எகிப்தில் அதிபதியாக இருக்கிறான் என்று சொல்ல வேண்டிய மகன்களுக்கு நடுக்கம். கிழவருக்கு அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டால்? சேஃபெர் ஹயாஷார் என்ற பிற்கால நூலில் அவர்கள் இந்தச் சிறுமியின் கையில் ஒரு யாழைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவள் தாத்தாவின் முன்னால் உட்கார்ந்து, சித்தப்பா உயிரோடு இருக்கிறார் என்பதை மெல்ல மெல்லப் பாட்டாகவே சொல்லிவிடுகிறாள். மகிழ்ந்த தாத்தா, மரணம் உன்னைத் தொடாதிருக்கட்டும் என்று வாழ்த்துகிறார். நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர்கள் உண்டு. நல்ல செய்திக்கும் பக்குவம் வேண்டும் என்று நினைத்த அந்தக் கதாசிரியரை எனக்குப் பிடிக்கும்.

அடுத்த கதையில் அவள் மூதாட்டி. விடுதலை தருபவன் இன்ன இரண்டு சொற்களைச் சொல்லிக்கொண்டு வருவான் என்ற ரகசியம் ஆபிரகாம் தொடங்கி யோசேப்பு வரை வந்து, அவனுடைய சகோதரர்கள் மூலம் ஆசேருக்கும், ஆசேரிடமிருந்து மகளுக்கும் கைமாறுகிறது. மோசே வந்து அற்புதங்கள் காட்டியபோது மூப்பர்கள் அவளிடம் ஓடுகிறார்கள். அற்புதங்களுக்கு அவள் அசையவில்லை. என்ன சொன்னான் என்று கேட்கிறாள். சொற்களைக் கேட்டதும்தான், இவன்தான் என்கிறாள். பிர்கே தெ ரபி எலியேசர் என்ற நூல் சொல்லும் கதை இது.

புறப்படும் இரவில் மக்கள் எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்க, மோசே யோசேப்பின் எலும்புகளைத் தேடி அலைகிறார். எடுத்துப் போவதாக முன்னோர் செய்துகொடுத்த சத்தியம் அது. புதைத்த இடம் எவருக்கும் தெரியவில்லை. அந்தத் தலைமுறையில் எஞ்சியிருந்தவள் இவள் ஒருத்திதான். உலோகப் பெட்டியில் வைத்து நைல் நதியில் இறக்கினார்கள் என்று அவள் இடத்தைச் சொல்ல, மோசே கரையில் நின்று கூப்பிட, பெட்டி மிதந்து வருகிறது. இது யூத மரபு நூலான தால்முதில், சோத்தா என்ற பகுதியில் உள்ளது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயாவின் பெரிய ஆசான் ரபி யோகனான். செங்கடல் பிளந்தபோது இருபுறமும் தண்ணீர் எப்படி மதிலாக நின்றது என்று பாடம் நடத்துகிறார். பின்னல் வேலைப்பாடு போல இருந்தது என்கிறார். அப்போது ஆசேரின் மகள் எட்டிப் பார்த்து, நான் அங்கே இருந்தேன், ஒளி ஊடுருவும் சாளரங்கள் போல இருந்தது என்று திருத்துகிறாள். பெசிக்தா தெ ராவ் கஹானா என்ற நூலில் வரும் காட்சி. பெண்களுக்கு இடமில்லாத கல்விக்கூடத்தில் தங்கள் தலைசிறந்த ஆசானை ஒரு பாட்டி திருத்துவதாக எழுதிவைத்தவர்களும் அதே ரபிகள்தான்.

எல்லாரும் இந்த வழியில் போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த உரையாசிரியர் ராம்பான், அவள் சொத்துரிமை பெற்ற மகள், அதனால் கணக்கில் வந்தாள் என்று காரியமாகப் பேசுகிறார். எண்ணாகமத்தின் அதே அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் பெயரோடு வருவதைப் பார்க்கும்போது, நிலம் பங்கிடத்தான் இந்தக் கணக்கு என்பதை நினைக்கும்போது, அவர் சொல்வதும் வலுவாகத்தான் இருக்கிறது.

அவளுடைய முடிவு என்ன என்பதிலும் ஒற்றுமை இல்லை. சாகாமலே ஏதேன் தோட்டத்துக்குள் போனவர்களில் ஒருத்தி என்கிறது ஒரு மரபு. ஈரானின் யூதர்களோ இஸ்பஹானுக்குத் தென்மேற்கே பீர் பக்ரான் என்ற ஊரில் அவளுக்கு ஓர் அடக்கத்தலத்தையே வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் அங்கே அடங்கிய ஒரு சூஃபியுடையது. பக்கத்திலேயே பழைய யூத இடுகாடும் செராக்கின் தலமும். யூதப் புத்தாண்டுக்கு முந்தைய ஏலூல் மாதத்தில் அங்கே யாத்திரை போவது பாரசீக யூதர்களின் தொன்றுதொட்ட வழக்கம். 1979க்குப் பிறகு அவர்களில் பெரும்பகுதியினர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். இஸ்பஹானில் மிஞ்சியிருக்கும் சிறு சமூகத்துக்கு, யாக்கோபின் பேத்தி இன்றும் பக்கத்து ஊர்க்காரிதான்.

அன்புடன்,
ஆசிரியர்