கஷ்டமான இங்கிலீஷுக்கு நம்ம கொல்லையிலேயே உதாரணம் இருக்கு

சின்ன வெங்காயம், மக்காச்சோளம்னு எழுதுறவன் இன்னைக்கு இங்கிலீஷ் பத்தி எழுதுறானேன்னு பாக்காதீங்க. இதுவும் விவசாய சங்கதிதான்.

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைங்க போட்டித் தேர்வுக்காகத் தடிமனான புத்தகம் வாங்கி, கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடம் பண்ணுதுங்க. ஒரு வார்த்தை, அதுக்கு ஒரு வரி அர்த்தம், கீழே ஒரு உதாரண வாக்கியம். முறையைக் குறை சொல்ல மாட்டேன். வாக்கியத்தில் வச்சுப் பார்த்தால்தான் வார்த்தை மனசில் ஒட்டும். ஆனா அந்த வாக்கியம் நம்ம மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாததா இருந்தா, பரீட்சை முடிஞ்ச மறுநாளே மறந்துபோகும்.

‘பெட்ரிஃபைட்’னு ஒரு வார்த்தை. பயத்தில் உறைந்துபோனன்னு அர்த்தம் போட்டு, பேயைப் பார்த்து மிரண்டவனை உதாரணம் சொல்வாங்க. அதோட மூல அர்த்தம் கல்லாகிப் போனதுங்கறது. அதுக்கு நம்ம சாத்தனூர் கல்மரத்தை விட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? 18 மீட்டர் நீளம். இந்தப் பக்கம் கடலா இருந்த காலத்து மரம், கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லாயிருக்கு. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிட்டுப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க, ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது ‘ஃபால்’. சின்னப் பிள்ளைக்கும் தெரியும், விழுறது. ஆனா 2018-ல் நம்ம மக்காச்சோளத்தைக் குருத்தோட தின்னு தீர்த்த படைப்புழுவுக்கு இங்கிலீஷ்ல ‘ஃபால் ஆர்மிவார்ம்’னு பேரு. அங்கே விழுறதுக்கு என்ன வேலை? அமெரிக்காவில் இலையுதிர் காலத்தைத்தான் ‘ஃபால்’னு சொல்றாங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னு நின்னுட்டா இப்படித்தான் முட்டிக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ‘சிஸ்டமிக்’னா அமைப்பு முழுதும் பரவியதுன்னு அர்த்தம். உதாரணத்துக்கு அரசாங்கம், ஊழல்னு ஏதாவது போட்டிருப்பாங்க. அதே வார்த்தை நம்ம வீட்டு மருந்து டப்பாவிலேயும் இருக்கு. செடி மருந்தை உறிஞ்சி, சாறு வழியா உடம்பு முழுக்க எடுத்துட்டுப் போகும்னு அர்த்தம். கத்தரிக்கு அதை அடிச்சா, காயைக் கழுவினாலும் உள்ளே போனது வராது. இத்தனை நாள் கழிச்சுதான் பறிக்கணும்னு போட்டிருக்கிறது அதனாலதான். ‘ஆன்டிடோட்’னா விஷமுறிவு. மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப, டப்பாவில் அந்த வரியைத்தான் டாக்டருக்குக் காட்டணும்.

2017-ல் பருத்திக்கு மருந்தடிச்ச விவசாயிகள் நம்ம பெரம்பலூர் மாவட்டத்தில் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இங்கிலீஷ் தெரியாததாலதான் செத்தாங்கன்னு நான் சொல்ல வரலை. கையுறை, முகக்கவசம், காத்து வீசுற திசைன்னு எத்தனையோ இருக்கு. முக்கோணம் சிவப்பா இருந்தா கடும் விஷம்னு படிக்காதவரும் கண்டுக்கலாம். தமிழ்ல துண்டுச்சீட்டு வந்தாலும் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. டப்பாவில் இருக்கிறதைப் படிச்சுச் சொல்ல வீட்டிலேயே ஒரு பிள்ளை இருக்கும்போது, அந்தப் படிப்பு ஏன் நமக்கு உதவக் கூடாது?

அதனால டியூஷன் எடுக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். அர்த்தம் புத்தகத்தில் இருந்தே சொல்லிக் கொடுங்க. உதாரண வாக்கியத்தை மட்டும் பிள்ளைங்களையே எழுதச் சொல்லுங்க, அவங்க ஊரை வச்சு, அவங்க கொல்லையை வச்சு. பெத்தவங்களும் ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை மருந்து வாங்கினா, டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி பிள்ளை கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. தெரியாத வார்த்தை வந்தா அதுவே அகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும். அது பார்த்துச் சொல்ற வரைக்கும் தெளிப்பான் காத்திருக்கட்டும்.