திதியும் தேதியும்

பம்பாயில் எங்கள் மாட்டுங்கா வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு காலக் கணக்குகள் அருகருகே தொங்குகின்றன. ஒன்று, மூலையில் துளையிட்டு நூல் கோத்து ஆணியில் மாட்டிய பாம்புப் பஞ்சாங்கம். மற்றொன்று, தாராவி 90 அடி சாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஆங்கில வருஷப் பிறப்புதோறும் மறவாமல் கொடுத்தனுப்பும் தினசரி காலண்டர். தேதி என்னும் சொல்லே திதியின் திரிபுதான் என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். ஆயினும் எங்கள் வீட்டில் அவ்விரண்டும் பாகப்பிரிவினை செய்துகொண்ட சகோதரர்களைப் போல ஒன்றன் காரியத்தில் மற்றொன்று தலையிடாமலே காலந்தள்ளி வருகின்றன. பால் கணக்கு, பள்ளிக்கூடச் சம்பளம், மின்சார பில் முதலாக உயிரோடிருப்பவர்களின் உபத்திரவங்கள் யாவும் தேதியின் பாகம். மாண்டவர்கள் திதியின் பாகம்.

இந்த ஏற்பாட்டுக்கு விலக்காக நிற்பவர்கள் சினிமா சங்கீதக்காரர்கள். அவர்கள் எந்தப் பட்சத்தில் எந்தத் திதியில் மறைந்தார்கள் என்பதை அவரவர் குடும்பத்தார் அறிவார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கப் பாத்தியதை இல்லாத நம் போன்ற ரசிகர்களுக்கோ தேதி ஒன்றே கதி, வானொலியே புரோகிதர். என் இளம் பிராயத்தில் இலங்கை வானொலியின் ஹிந்தி சேவை காலை ஏழரை முதல் எட்டு மணி வரையில் பழைய திரைப்பாடல்களை ஒலிபரப்பி, முடிவில் ஸைகல் பாட்டு ஒன்றை வைத்து நிறைவு செய்யும். ஹிந்தியில் காய்கறி வாங்கத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் அறியாத என் தகப்பனார், அந்தக் குரல் எழும்பியதும் குடையை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் புறப்பட்டுவிடுவார். 1947-இல் காலமான ஒரு பாடகர், தாம் அறியாத ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பல்லாண்டுகள் கடிகாரமாக இருந்து வந்தார் என்பதை நினைக்கையில் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

திதி கொடுப்பதில் முக்கியமான அங்கம், என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், பெயர் சொல்லுதல். பிண்டமும் தர்ப்பையும் எப்படியோ கிடைத்துவிடும். ஆனால் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரையும் கர்த்தாவின் வாயாலேயே சொல்லியாக வேண்டும். பெயர் மறந்துபோனவர்களுக்கும் சாஸ்திரிகள் ஒரு மாற்று வைத்திருக்கிறார் என்றாலும், அப்போது அவர் நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைவிட நாலு வார்த்தை வைதிருக்கலாம். சங்கீதம் அமைத்தவர்களுக்கு இந்தப் பெயர் சொல்லுதல் மற்றெவரைக் காட்டிலும் அவசியம் என்பது என் துணிபு. பாடியவரைக் குரல் காட்டிக்கொடுக்கும்; நடித்தவரை முகம் காட்டிக்கொடுக்கும்; மெட்டமைத்தவனோ, தன் மெட்டு எவ்வளவுக்கெவ்வளவு ஜனங்களின் நாவில் ஊறுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு தான் மறைந்துபோகிறான். ஆகையால்தான் தினசரி காலண்டரில் ஜூலை 14 என்ற தாளைக் கிழிக்குமுன் நான் சற்றே நின்று, சில பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

முதற்பெயர் ரோஷன். 1917-ஆம் வருஷம் ஜூலை 14-ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரான்வாலாவில் பிறந்தவர். லக்னோ மாரிஸ் சங்கீதக் கல்லூரியில் பயின்று, டில்லி வானொலியில் எஸ்ராஜ் வாசித்து, பிறகு பம்பாய்க்கு வந்து, ‘பர்ஸாத் கி ராத்’, ‘தாஜ் மஹால்’, ‘சித்ரலேகா’ முதலிய படங்களின் சங்கீதத்தால் பிரக்யாதி பெற்று, 1967-இல் ஐம்பது வயதிலேயே மறைந்தார். அவருடைய குடும்பப் பெயர் நாக்ரத். அவர் காலத்துக்குப் பின் மக்களும் பேரனும் அவர் பெயரையே குலப்பெயராகச் சூடிக்கொண்டபடியால், ‘ரோஷன்’ என்னும் சொல் இந்நகரத்தின் சினிமாச் சுவரொட்டிகளில் காணாத நாள் அரிது. அது யாருடைய பெயர் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்களும் அரிது.

இரண்டாம் பெயரை நான் கற்றுக்கொண்ட விதம் கௌரவமானதன்று. 1975-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி காலை, கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் வழக்கம்போல் முழங்கால் மட்டும் மழைத் தண்ணீர் நிற்க, நான் நனைந்த செருப்போடு ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சயான் கோலிவாடாவில் அகதிக் குடியிருப்பிலிருந்து வரும் பஞ்சாபி சகா ஒருவர் பேரேட்டைத் திறவாமலே உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் மதன் மோகன் காலமாகிவிட்டார் என்று சொல்லி, ‘உங்கள் மதராஸில் இந்தப் பெயரை யாராவது கேட்டிருப்பார்களா, பாயி?’ என்று அவர் கேட்டார். நான் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, துக்கத்திலிருப்பவரைச் சற்று வேறு பக்கம் திருப்பலாம் என்னும் நல்லெண்ணத்தில், ‘எங்களுக்கும் இப்படி மனத்தைப் பிசையும் பாட்டு உண்டு’ என்று சொல்லி, ‘யார் நீ’ படத்தில் சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ பாட்டை மெல்ல முணுமுணுத்தேன். இரண்டு அடி முடிவதற்குள் அவர் கண்களில் நீர் தளும்பிவிட்டது. ‘அது அவருடைய மெட்டு, பாயி’ என்றார்.

உண்மை அதுதான். 1964-இல் வெளியான ‘வோ கௌன் தீ’ என்னும் ஹிந்திப் படமே 1966-இல் ஜயலலிதா நடிக்க ‘யார் நீ’ என்று தமிழில் வந்தது. ஹிந்தி மெட்டுக்களைத் தமிழுக்கு வெகு லாகவமாகக் கொண்டுவந்து சேர்ப்பதில் கைதேர்ந்த வேதா அதற்குச் சங்கீதம் அமைத்திருந்தார். பாட்டு எனக்குப் பாடமாயிருந்தது. பாடியவர் பெயர் தெரியும். திரையில் வெண்புகைக்கு நடுவே நடந்தவர் பெயர் தெரியும். மெட்டுக்கு மூலபுருஷர் நான் குடியிருக்கும் ஊரிலேயே, பெட்டர் ரோட்டில், முந்தின நாள்வரை உயிரோடிருந்தார் என்பது மட்டுமே தெரியாது.

பாக்தாத் நகரில் 1924-ஆம் வருஷம் ஜூன் 25-ஆம் தேதி பிறந்த மதன் மோகன், பம்பாய் டாக்கீஸிலும் பிறகு பிலிமிஸ்தானிலும் செல்வாக்கோடிருந்த ராய் பகதூர் சுன்னிலாலின் புதல்வர். தகப்பனாரின் செல்வாக்கை நாடாமல், சிலகாலம் ராணுவத்தில் உத்தியோகம் பார்த்து, பிறகு லக்னோ வானொலியில் பணியாற்றி, 1950-இல் ‘ஆங்க்கேன்’ படத்தின் மூலம் சங்கீத டைரக்டர் ஆனவர். அவரைத் தமையனாகவே பாவித்து வந்த லதா மங்கேஷ்கரின் குரலும், ரயீஸ் கானின் சிதாரும் அவருடைய கஸல்களில் சேர்ந்து உண்டாக்கிய மோனநிலையை நான் எழுதிக் காட்டுவதைவிட நீங்கள் கேட்டுக்கொள்வதே மேல். ‘வோ கௌன் தீ’ சங்கீதத்துக்குக் கிடைக்காத பிலிம்பேர் பரிசு, அந்த வருஷம் ‘தோஸ்தி’க்குப் போயிற்று, பிற்பாடும் அவருக்கு அது கிட்டவில்லை. ‘தஸ்தக்’ படத்துக்காகத் தேசிய விருது ஒன்று வந்தது. 1975 ஜூன் 25-இல் அவருக்கு 51 வயது நிறைந்தது. அன்றிரவுதான் நாட்டில் அவசரநிலை பிரகடனம் ஆயிற்று. பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். குறையாக விட்டுச்சென்ற ‘லைலா மஜ்னு’வை ஜயதேவ் முடித்துக் கொடுத்தார்.

ஆனால் மெட்டு சும்மா கிடப்பதில்லை. உபயோகப்படாமல் நாடாக்களில் உறங்கிக்கொண்டிருந்த அவருடைய மெட்டுக்களை மகன் தேடியெடுத்து ஒழுங்கு செய்ய, 2004-இல் ‘வீர் ஸாரா’ படத்தில் அவை பாட்டுக்களாக வெளிவந்தன. அப்போது செம்பூரில் வசிக்கும் என் தமக்கை மகள், ‘மாமா, இந்தப் புது மியூசிக் டைரக்டர் ரொம்ப நன்றாகப் போட்டிருக்கிறாரே, யார் அவர்?’ என்று கேட்டாள். ‘அவர் இறந்து 29 வருஷம் ஆகிறது, அம்மா’ என்றேன். தகப்பனாருக்கு வேண்டியதைச் செய்வதில் எள்ளும் நீரும் மாத்திரமே வழியல்ல என்பதை அந்த மகன் காட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் பெயரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. மதன் மோகன் மறைந்து சரியாக நாற்பது வருஷம் சென்று, 2015 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, சென்னையில் எம். எஸ். விசுவநாதன் காலமானார். அன்று மாலை தாராவியில் டீக்கடை ஒன்றில் ஒதுங்கி நின்றேன். அகலமான அலுமினியத் தட்டில் இட்லி சுமந்து விற்றுவிட்டுத் திரும்பிய ஒருவர், காலித் தட்டை முழங்காலில் சாய்த்தபடி, கைப்பேசியில் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தின் ‘சொன்னது நீதானா’ பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். எடுப்பில் சிதார் எழுந்த மாத்திரத்தில் எனக்கு அந்தப் பஞ்சாபி சகாவின் முகம் முன்னே வந்து நின்றது. பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928 ஜூன் 24-இல் பிறந்தவர் இவர். பாக்தாத்தில் ஜூன் 25-இல் பிறந்தவர் அவர். பிறப்பில் ஒரு நாள் முன்பின்னாகவும் இறப்பில் ஒரே தேதியிலும் நின்ற இவ்விருவரில், ஒருவரைப் பற்றிய செய்தியைப் பம்பாய்ப் பத்திரிகை விரிவாக எழுதும், மற்றொருவரைப் பற்றிச் சென்னைப் பத்திரிகை விரிவாக எழுதும். இரண்டு வீட்டுத் துக்கத்துக்கும் போகவேண்டிய பாத்தியதை நம் பம்பாய்த் தமிழனுக்குத்தான் வாய்த்திருக்கிறது. இரு மொழியிலும் காது வளர்த்ததன் கூலி அது.

விசுவநாதனைச் சொல்லும்போது மற்றொரு பெயரும் உடன் சொல்லவேண்டும். 1952-இல் ‘பணம்’ தொடங்கி 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரையில் வந்த பாட்டுக்கள் விசுவநாதன், ராமமூர்த்தி என்ற இருவருடையவை. குருஸ்தானத்தில் இருந்த சி. ஆர். சுப்பராமன் அகாலமாய் மறைந்தபோது ‘தேவதாஸ்’ படத்தின் மிச்சத்தை முடித்துக் கொடுத்தவர்களும் இவ்விருவரே. பிடில் வித்வான்களின் வம்சத்தில் திருச்சியில் பிறந்த டி. கே. ராமமூர்த்தி வயதில் மூத்தவர். பெயர் வரிசையில் பின்னவர். இப்போது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் பின்பாதியும் உதிர்ந்து, ‘எம். எஸ். வி. பாட்டு’ என்றே அவை வழங்குகின்றன. இரட்டையர் பிரிவது நமக்கு மட்டும் ஏற்பட்ட விதியன்று: அமெரிக்காவில் எவர்லி சகோதரர்கள் என்று பேர்பெற்ற இருவர், 1973-இல் இதே ஜூலை 14-ஆம் தேதி, கலிபோர்னியாவில் கச்சேரி நடந்துகொண்டிருக்கையில், இளையவர் கிதாரை உடைத்தெறிந்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போக, மூத்தவர் தனியாகப் பாடி முடித்தாராம். அவர்கள் மறுபடி சேர்ந்து பாடப் பத்து வருஷம் பிடித்தது. நம்மவர்கள் கிதார் எதையும் உடைக்கவில்லை. ஆனால் ஒரு படத்தில் மீண்டும் சேர, 1995 வரையில், முப்பது வருஷம் பிடித்தது. 2012-இல் ஜயலலிதா முதலமைச்சராக இருந்தபோது இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தித் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் வழங்கினார். மதன் மோகன் மெட்டுக்குத் தமிழ்த் திரையில் வாயசைத்தவரே அவர் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ! மத்திய சர்க்காரின் பத்ம விருது விசுவநாதனுக்குக் கடைசிவரை வரவில்லை.

இந்தத் தேதிக்கு இன்னும் பழைய பாத்தியதை ஒன்றுண்டு. 1795 ஜூலை 14-இல்தான் பிரெஞ்சு தேசத்தார் ‘மார்ஸெய்யேஸ்’ பாட்டைத் தங்கள் தேசிய கீதமாக ஏற்றார்கள். புதுச்சேரியில் ஜூலை 14-ஐக் கொண்டாடும் நம் பிரெஞ்சுக் குடியுரிமைத் தமிழர்களும் அதைப் பாடுவார்கள். ரூஜே த லீல் என்னும் ராணுவ அதிகாரி ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் புனைந்த அந்தப் பாட்டு, பாடிக்கொண்டு வந்த தொண்டர்களின் ஊராகிய மார்ஸெய்யின் பெயரைப் பெற்றதேயன்றி, புனைந்தவர் பெயரையும் பெறவில்லை, புனைந்த ஊரின் பெயரையும் பெறவில்லை. அவரோ வறுமையில் இறந்தார். 1912-இல் இதே தேதியில் பிறந்து, ரோஷன் மறைந்த அதே 1967-இல் மறைந்த உடி கத்ரி என்னும் அமெரிக்கப் பாடகரின் பாட்டொன்று, அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடி, யாரும் எழுதாமல் தானே முளைத்த நாட்டுப்பாடல் போல் ஆகிவிட்டது.

நம் விசுவநாதனுக்கும் அந்தப் பாக்கியம், அல்லது அபாக்கியம், உண்டு. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மனோன்மணீய’த்தின் வாழ்த்துப் பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது, அதற்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் அவரே. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடி முடிய 55 வினாடி. அவருடைய ஆயிரம் பாட்டுக்களில் ஜனங்கள் எழுந்து நின்று கேட்பது இதொன்றே. கேட்கையில் அவர் நினைவு யாருக்கும் வராததும் இதொன்றே.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழ் விழா நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாழ்த்துப் பாடி முடிந்து, நாற்காலிகள் கிரீச்சிட்டு எல்லாரும் உட்காருவதற்கு முன், மேடையில் நிற்பவர் ‘இயற்றியவர் சுந்தரம் பிள்ளை, மெட்டமைத்தவர் விசுவநாதன்’ என்று ஒருமுறை சொல்லட்டும். 55 வினாடிப் பாட்டுக்கு அது ஐந்து வினாடிச் செலவு.