இதயத்துடிப்புக் கருவியும் தாய்மாரின் பதகளிப்பும்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்துள்ள அஜக்ஸ் நகரில் தமிழ்க் குடும்பங்களின் தொகை கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் பெருகியுள்ளது. ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் வாழ்வைத் தொடங்கிய பலர், தமக்கென ஒரு வீடும் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு முற்றமும் வேண்டி இங்கு குடிபெயர்ந்தனர். இவ்வாறான வீடுகளுக்குக் குழந்தையின் தொட்டிலுக்கு முன்னதாகவே ஒரு சிறு கருவி வந்து சேர்வதுண்டு. வயிற்றில் வைத்தால் கருவிலுள்ள சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கச் செய்யும் டொப்ளர் கருவியே அது. மருத்துவரின் சீட்டு எதுவுமின்றி, நூறு டொலருக்கும் குறைவான விலையில், இணைய அங்காடிகளில் எவரும் அதனை வாங்கலாம்.

இக்கருவியை வாங்கும் பெண்ணைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. அவளது பதகளிப்புக்குக் காரணங்கள் உண்டு. ஒன்ராறியோவில் வழமையான கர்ப்பத்தில் 11 முதல் 14 வாரங்களுக்குள் ஒரு ஸ்கான் பரிசோதனையும், 18 முதல் 22 வாரங்களுக்குள் மற்றொன்றும் செய்யப்படுகின்றன. மருத்துவரைக் காணும் தவணைகளும் தொடக்க மாதங்களில் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையே வருகின்றன. முன்னர் ஒரு கருச்சிதைவைக் கண்ட பெண்ணுக்கு இந்த நான்கு வாரங்கள் நான்கு யுகங்கள். ஊரில் என்றால் தாயும் சகோதரியும் பக்கத்தில் இருந்திருப்பர். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலையைத் திறந்து வந்து, குழல் போன்ற சிறு கருவியை வயிற்றில் வைத்துக் காதால் கேட்டு, நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசிச் செல்வார். இங்கோ கணவன் இரவு வேலைக்குப் போய்விட, தாய் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்க, கர்ப்பிணி தனித்திருக்கிறாள். மூன்று மாதம் முடியும்வரை எவருக்கும் சொல்லக்கூடாது என்ற வழக்கமும் சேர்ந்துகொள்வதால், அவளது அச்சத்தைக் கேட்க ஒரு செவியும் இல்லாது போகின்றது.

அந்த வெற்றிடத்தைத்தான் இக்கருவி நிரப்புகிறது. ஆயினும் அது தரும் நிம்மதி எத்தகையது, அந்நிம்மதிக்கு எப்போது எந்த விலை கொடுக்க நேரிடும் என்பவற்றைத் தமிழ்ச் சமூகம் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

டொப்ளர் கருவி மனிதச் செவிக்கு எட்டாத ஒலி அலைகளை உடலினுள் அனுப்புகிறது. அசையும் ஒன்றில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுபடும். ஒஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியான் டொப்ளர் 1842இல் விளக்கிய இத்தத்துவத்தின்படி, அம்மாறுபாட்டைக் கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. அசைவது எதுவாயினும் அது ஒலி எழுப்பும் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. சிசுவின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை வரை துடிக்கும். தாயின் நாடி பொதுவாக 60 முதல் 100 வரை இருக்கும். ஆனால் அச்சத்தில் இருக்கும் தாயின் நாடி நூறையும் தாண்டக்கூடியது. தாயின் குருதிக் குழாய்களின் ஓசையும், நஞ்சுக்கொடியில் குருதி பாயும் இரைச்சலும் பயிற்சியற்ற காதுக்குச் சிசுவின் துடிப்பாகவே தோன்றலாம். மருத்துவிச்சியும் தாதியும் இந்த வேறுபாட்டை அறிவதற்குப் பயிற்சி பெற்றவர்கள். பெட்டிக்குள் வரும் கையேடு அப்பயிற்சிக்கு ஈடாகாது.

இதனால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. முதலாவது, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் நிகழ்வது. சிசு மிகச் சிறிதாக இருக்கும்போது, அது கிடக்கும் நிலையையும் நஞ்சுக்கொடி அமைந்துள்ள இடத்தையும் பொறுத்து, துடிப்பு வீட்டுக் கருவிக்கு எட்டாமற் போவது இயல்பு. சிசு நலமாக இருக்கும்போதே தாய் நள்ளிரவில் கண்ணீரோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறாள். பதகளிப்பைத் தணிக்க வாங்கிய பொருளே பதகளிப்பை வளர்க்கிறது. நாளுக்கு ஒருமுறை கேட்டவள் மூன்றுமுறை கேட்கத் தொடங்குகிறாள்.

இரண்டாவது தவறு பாரதூரமானது. அது கர்ப்பத்தின் பிற்பகுதியில் நிகழ்வது. சிசுவின் அசைவு குறைந்திருப்பதாக உணரும் தாய், கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டு, "எல்லாம் நலம்" என்று எண்ணி வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். துடிப்புக் கேட்கிறது என்றால் அந்தக் கணத்தில் இதயம் துடிக்கிறது என்பது மாத்திரமே பொருள். ஒட்சிசன் குறைந்து துன்புறும் சிசுவின் இதயமும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். வைத்தியசாலையில் இதே ஐயத்தோடு வரும் தாய்க்குச் செய்யப்படும் பரிசோதனையில், இதயத்துடிப்பு இருபது நிமிடங்களோ அதற்கு மேலோ தொடர்ச்சியாகத் தாளில் பதியப்படுகிறது. சிசு அசையும்போது துடிப்பு ஏறுகிறதா, துடிப்பின் வேகத்தில் இயல்பான ஏற்ற இறக்கம் உள்ளதா, திடீர் வீழ்ச்சி ஏதும் உள்ளதா என்பன ஆராயப்படுகின்றன. தேவையெனில் ஸ்கான் பரிசோதனையும் தொடர்கிறது. வீட்டில் ஒரு நிமிடம் கேட்கும் ஓசை இக்கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடை சொல்லாது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. தமிழர்கள் பெருமளவில் வாழும் மற்றொரு நாடான பிரித்தானியாவில், 2009ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் மருத்துவர்கள் இருவர் இத்தகைய ஒரு துயரைப் பதிவு செய்தனர். கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் இருந்த பெண் ஒருவர் சிசுவின் அசைவு குறைந்ததை உணர்ந்தார். எனினும் தமது சொந்தக் கருவியில் துடிப்பைக் கேட்டு ஆறுதலடைந்து, வைத்தியசாலைக்குச் செல்வதைத் தாமதித்தார். பின்னர் அவர் சென்றபோது சிசு உயிருடன் இல்லை. முன்னரே வந்திருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்கும் என எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் ஆராய்ந்து பார்ப்பதற்கு இருந்த வாய்ப்பை அக்கருவி தந்த போலி நிம்மதி பறித்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

இதன் பின்னர் அந்நாட்டில் இக்கருவிகளின் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்ற குரல் வலுத்தது. 2017ஆம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர் அந்துவானெற் சான்ட்பாக் இதற்கெனத் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். எனினும் அது சட்டமாக நிறைவேறவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிவுறுத்தலில், இக்கருவிகள் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டியவை எனத் தெரிவித்தது. கேளா ஒலி அலைகள் உடற்திசுக்களைச் சிறிதளவு வெப்பமாக்கக் கூடியவை என்பதால், தேவையின்றி நீண்ட நேரம் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறும் கேட்டுக்கொண்டது. கனடிய மகப்பேற்று, பெண்ணோயியல் மருத்துவர் சங்கமும் அதே ஆண்டில், கருவிலுள்ள சிசுவின்மீது இவ்வலைகளை மருத்துவ நோக்கமின்றிப் பயன்படுத்துவதை எதிர்த்துக் கூட்டறிக்கை ஒன்றில் ஒப்பமிட்டது.

அவ்வாறாயின் தாய் எதனை நம்புவது? அவளிடமே உள்ள அளவுகோலை, அதாவது சிசுவின் அசைவை. பெரும்பாலான பெண்கள் 16 முதல் 24 வாரங்களுக்குள் அசைவை உணரத் தொடங்குகின்றனர். நாட்கள் செல்லச் செல்ல அதற்கென ஓர் ஒழுங்கு அமைகிறது. எப்போது துள்ளும், எப்போது அடங்கும் என்பது தாய்க்குத் தெரிந்துவிடும். அந்த ஒழுங்கு மாறினால் அதுவே எச்சரிக்கை. பிந்திய மாதங்களில் ஐயம் தோன்றினால், சாய்ந்து படுத்து இரண்டு மணி நேரம் அசைவுகளை எண்ணுமாறும், ஆறுக்குக் குறைவாக இருந்தால் உடனே மருத்துவ உதவியை நாடுமாறும் கனடிய மருத்துவர் சங்கம் அறிவுறுத்துகிறது. எண்ணிக்கை ஆறைத் தாண்டினாலும் தாயின் மனம் ஒப்பவில்லையெனில் செல்வதே முறை.

இவ்விடத்தில் தமிழர் வீடுகளில் நிலவும் ஒரு நம்பிக்கையையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. "பேறு நெருங்க நெருங்கப் பிள்ளை அடங்கிவிடும்" என்று முதியோர் கூறுவர். அன்பினால் சொல்லப்பட்டாலும் இது தவறான கூற்றாகும். இடம் நெருக்கமாவதால் அசைவின் தன்மை மாறலாம். உதைப்பது போல் இருந்தது புரள்வது போல் தோன்றலாம். ஆனால் பேறு தொடங்கும் வரையிலும் அசைவு குறையக்கூடாது. மாமியாரும் கணவனும் இதனை அறிந்திருப்பது கர்ப்பிணி அறிந்திருப்பதற்கு நிகரான முக்கியத்துவம் உடையது. ஏனெனில் நள்ளிரவில் வாகனத்தை எடுப்பதா, விடியும்வரை பொறுப்பதா என்ற முடிவு பல வீடுகளில் அவர்களையும் சார்ந்தே உள்ளது.

தமிழ்ப் பெண்களுக்கு இவ்விடயம் கூடுதல் கனமுடையது. தெற்காசியப் பெண்களிடையே கர்ப்பகால நீரிழிவு ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்படுகிறது. பிரித்தானியாவில் ஆண்டுதோறும் தொகுக்கப்படும் புள்ளிவிபரங்களும், ஆசியப் பின்னணி கொண்ட தாய்மாரின் குழந்தைகள் இறந்து பிறக்கும் வீதம் வெள்ளையினத் தாய்மாருடன் ஒப்பிடுகையில் உயர்ந்திருப்பதைக் காட்டுகின்றன. தாமதத்தின் விலை எவருக்கும் கொடியதே. ஆனால் இங்கு அது இன்னும் கவனத்தை வேண்டி நிற்கிறது.

ஒன்ராறியோவில் உதவிக்குப் பஞ்சமில்லை. அதனை அறிந்திருப்போர் தொகைதான் குறைவு. 811 என்ற இலக்கத்தை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் பதிவுபெற்ற தாதி ஒருவருடன் இலவசமாகப் பேசலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறலாம். 1994 முதல் மாகாணச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட மருத்துவிச்சிகளின் சேவைக்குக் கட்டணம் இல்லை. சுகாதாரக் காப்புறுதி அட்டை இன்னும் கிடைக்காத புதிய குடிவரவாளருக்கும் அது திறந்தே உள்ளது. மருத்துவிச்சியின் பராமரிப்பில் உள்ள பெண், தேவைப்படின் எந்த நேரத்திலும் அவரை அழைக்கலாம். பொதுச் சுகாதாரத் தாதியர் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கே வரும் திட்டமும் மாகாணத்தில் நடைமுறையில் உள்ளது. அசைவு குறைந்ததாக உணர்ந்தால் தொலைபேசி ஆலோசனைக்கும் காத்திராது மகப்பேற்று விடுதிக்கு நேரே செல்லவேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்கத் தேவையில்லை. "பேபி இஸ் மூவிங் லெஸ்" என்ற நான்கு சொற்கள் போதும். அதைக் கேட்ட எந்தத் தாதியும் காத்திருக்கச் சொல்லமாட்டார். சொன்னால் மீண்டும் சொல்லும் உரிமை அத்தாய்க்கு உண்டு.

ஏற்கெனவே ஒரு குழந்தையை இழந்த தாயிடம் "கருவியை எறிந்துவிடு" என்று மட்டும் சொல்வது இரக்கமற்ற அறிவுரையாகிவிடும் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்த ஓசை அவளுக்கு ஒரு கணமேனும் மூச்சு விட இடம் தருகிறது. அதனை எடுத்துக்கொள்வோர் வேறொன்றைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். கூடுதல் தவணை ஒன்றைக் கேட்கும் பெண்ணை மருத்துவர் அலட்சியப்படுத்தாதிருப்பதும், கர்ப்பகாலப் பதகளிப்பு சிகிச்சைக்கு உரிய ஒரு நிலை என்பதைக் குடும்பம் ஏற்றுக்கொள்வதும், கருச்சிதைவை வெட்கமாகக் கருதி மூடிமறைக்கும் வழக்கத்தைச் சமூகம் கைவிடுவதுமே அந்த மாற்று.

அஜக்ஸில் வீடுகளில் பேசப்படும் மொழிகளில் தமிழ் முன்வரிசையில் உள்ளது. அவ்வாறிருக்க, சிசுவின் அசைவு பற்றிய ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒவ்வொரு மருத்துவர் அலுவலகத்திலும் தமிழில் கிடைக்கவேண்டும் எனக் கோருவது மிகையான கோரிக்கை அன்று. இக்கருவிகளை விற்போர், "அசைவு குறைந்தால் இதனை நம்பாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்" என்ற எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே அச்சிடவேண்டும் என மத்திய அரசை வலியுறுத்துவதும் நியாயமானதே. ஆலயங்களும் தேவாலயங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் தமிழ் வானொலிகளும் ஒருநாள் முயன்றால் இச்செய்தி பல்லாயிரம் வீடுகளைச் சென்றடையும்.

அரசும் நிறுவனங்களும் அசையும்வரை காத்திராது இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இரவு வேலைக்குப் புறப்படும் கணவன் வாசலில் நின்று, "பிள்ளை இன்று நன்றாக அசைந்ததா?" என்று கேட்கட்டும். தொலைபேசியில் அழைக்கும் தாயும் அதனையே கேட்கட்டும். "இல்லை" என்ற விடை வந்தால் கருவியைத் தேடாமல் வாகனத்தின் திறப்பைத் தேடட்டும்.