பத்து நாள் அப்போஸ்தலர்கள்

அடையாறில் எங்கள் தெருப் பையன் ஒருவன் நோட்டீஸோடு வந்தான். சாப்ட்வேர் வேலை, தங்கமான பிள்ளை. அவன் சபையின் வாலிபர் குழு பத்து நாள் ஊழியத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானாவுக்குப் போகிறதாம். ‘உங்களால முடிஞ்சதைக் கொடுங்க அங்கிள்.’ நோட்டீஸில் கறுப்புக் குழந்தைகள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். கீழே வங்கிக் கணக்கு எண்.

‘அங்கே போய் என்னப்பா செய்வீங்க?’

‘சுவிசேஷம் சொல்வோம். பசங்களுக்குப் பாட்டு, ஸ்கிட்...’

‘என்ன பாஷையில?’

‘இங்கிலீஷ்தான். புரியலேன்னா மொழிபெயர்க்க ஆள் வெச்சுக்குவோம்.’

பணம் கொடுக்கவில்லை. காபி கொடுத்தேன்.

கானாவில் 2021 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 71 பேர் கிறிஸ்துவர்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி 6 பேர். ஆறு கிளம்பிப்போய் எழுபத்தொன்றுக்குச் சுவிசேஷம் சொல்லப் போகிறது! திருநெல்வேலிக்கே அல்வா. பாசல் மிஷன்காரர்கள் அந்தக் கரையில் இறங்கியது 1828-ல். முதலில் போனவர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டுபோனது. பிறகு வந்த கிறிஸ்டாலர் ட்வீ மொழியைக் கற்று, 1871-ல் முழு பைபிளை அதில் கொடுத்தார், அகராதியும் போட்டார். அப்பேர்ப்பட்ட ஊருக்கு நாம் ஸ்கிட் கொண்டுபோகிறோம்.

மதம் பரப்புவதே தப்பு என்று கம்பு சுற்றும் கோஷ்டியில் நான் இல்லை. 2002-ல் ஜெயலலிதா கொண்டுவந்து 2004-ல் வாபஸ் வாங்கிய மதமாற்றத் தடைச் சட்டத்தை அன்றைக்கும் எதிர்த்தவன். யார் எதை நம்புவது என்பதில் தாசில்தாருக்கு என்ன வேலை? என் சண்டை வேறு.

தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்குவுக்கும் நம் பையன் வயசுதான். மணலில் உட்கார்ந்து குழந்தைகளோடு ‘அ’னா எழுதிப் பழகினார். 1719-ல் இந்த ஊரிலேயே செத்தார். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்து வரவில்லை.

அவ்வளவு தூரம் ஏன்? நம்மவர் வேதநாயகம் அசரியா. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. வேலைக்குப் போனவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனவர், அங்கே தமிழர்களே மிஷன் நடத்துவதைப் பார்த்து, ‘நாம் ஏன் செய்யவில்லை?’ என்று வெட்கப்பட்டார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. முப்பது வயசுகூட ஆகவில்லை. ஊர் ஊராய்ப் பணம் திரட்டியதோடு விடாமல், தானே தெலுங்கு கற்று தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். 1910-ல் எடின்பரோவில் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் அவர் சொன்னதன் சாரம் இது: தர்மம் போதும், எங்களுக்கு நண்பர்களாக இருங்கள். மண்டபம் அதிர்ந்துபோனது.

அன்று வெள்ளைக்காரனிடம் கேட்ட கேள்வி இன்று நம் மடியில் விழுகிறது. திருச்சி மேலப்புதூரில் தலித் கிறிஸ்துவர் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரிக்கக் கல்லறையில் சுவர் எழுப்பியவர்கள் அந்நியர்களா? வேளாங்கண்ணிக்கு ஒன்றாக நடப்பார்கள். கல்யாணப் பேச்சென்றால் முதலில் சாதியை விசாரிப்பார்கள். அந்தச் சுவரைப் பற்றி நம் பையன் கேள்விப்பட்டதே இல்லை. திருச்சிக்கு ரயிலில் ஒரு ராத்திரிகூட ஆகாது. ஆனால் அந்தப் போட்டோவைப் போட்டு நோட்டீஸ் அடிக்க முடியாதே.

(‘உங்க மதத்துல சாதி இல்லையா அங்கிள்?’ என்று பையன் கேட்டான். சரியான கேள்வி. நாற்றமெடுக்கிறது. நாங்கள் அதை ஏற்றுமதி செய்யக் கிளம்பினால் நீயும் நோட்டீஸைக் கிழி என்றேன்.)

போன வாரம் திரும்பி வந்துவிட்டான். முகமெல்லாம் வெளிச்சம். செல்போனில் நூறு படங்கள் காட்டினான். ஒன்றில் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சிறுமி.

‘இவ பேரு என்னப்பா?’

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான்.

‘கேக்கலையே அங்கிள்.’