கண்மாய் வருமானம் கண்மாய்க்கே

மீன் குத்தகை எடுத்தவருக்குக் கண்மாய் சீக்கிரம் வற்ற வேண்டும். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் கடைசித் தண்ணீரை நம்பியிருக்கும் விவசாயிக்கு அது வற்றிவிடக் கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக மடை திறக்கப்பட்டதாகப் புகார் எழுவதும், ஊர் இரண்டுபடுவதும் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பழகிப்போன சங்கதி. இதைக் குத்தகைதாரரின் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. தண்ணீர் ஒரு துறைக்கு, கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரம் இன்னொரு துறைக்கு, மீன் ஏலம் வேறொரு கணக்குக்கு என்று பிரித்துவைத்ததன் விளைவு இது. ஊருக்கு மிஞ்சுவது, அடைமழையில் கரை கசியும்போது மணல்மூட்டையோடு ஓடும் வேலைதான்.

தமிழகத்தில் 39 ஆயிரத்துக்கும் அதிகமான ஏரி, கண்மாய்கள் உள்ளன. 2017 மார்ச்சில் 100 கோடி ரூபாயில் குடிமராமத்துத் திட்டம் மணிமங்கலம் ஏரியில் தொடங்கியபோது நாமும் வரவேற்றோம். ஆனால், செலவில் 10 விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரும்படி விவசாயிகளைக் கேட்ட திட்டம், வருமானத்தில் அவர்களுக்கு உரிமை தரவில்லை. கரையைப் பலப்படுத்தியதும் பல ஊர்களில் பாசனச் சங்கம் பெயரளவுக்கு நின்றுவிட்டது. வெள்ளைக்கார அரசும் வரியைத் தான் எடுத்துக்கொண்டு, மராமத்து உழைப்பை மட்டும் 1858-இல் சட்டம் போட்டு ஊரிடம் கேட்டது.

ஊரே கண்மாயைப் பராமரித்த பழைய முறையை அப்படியே மீட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சி, கலுங்கில் வைக்கோலும் களிமண்ணும் அடைத்துக் கடைசிச் சாண் நீரையும் தேக்கிய நீர்க்கட்டிக்கு அறுவடையில் கிடைத்தது சில கதிர்க்கட்டுகள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அவருக்கு ஊர்க்கூட்டத்தில் சமமான குரல் இருந்ததில்லை. ஆகவே கண்மாயின் பொறுப்பு ஆயக்கட்டு நிலக்காரர்களிடம் மட்டும் போய்ச் சேரக் கூடாது. நிலமற்றவர்களும் பெண்களும் உட்காரும் கிராம சபையிடம் இருக்க வேண்டும்.

மீனிலும் மரத்திலும் வரும் பணம் அந்தந்தக் கண்மாயின் பெயரில் தனிக்கணக்கில் சேரட்டும். நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளமும் மடைப் பராமரிப்பும் அதிலிருந்தே நடக்கட்டும். அறுவடை முடியும்வரை குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே தண்ணீரை இறக்கக் கூடாது என்பது ஏல நிபந்தனையாக வேண்டும். தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் வரவு செலவை வரி வரியாக வாசிக்க வேண்டும். இதற்கான விதிகளை அடுத்த மீன் ஏலத்துக்கு முன்பே அரசு வெளியிட வேண்டும்.