மூணு நிமிஷம் லேட்!

போன வாரம் இன்டர்னல் எக்ஸாமுக்கு மூணு நிமிஷம் லேட். ஹாலுக்குள்ள விடலை. வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற அம்மா, 'எனக்கும்தான் லேட்டானா அரை ஷிப்ட் போயிரும் கண்ணு. அதுக்காக அடுத்த நாள் போகாம இருக்கறனா?'ன்னாங்க.

டக்குனு ஞாபகம் வந்தாங்க, நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவி. 14 வயசுல துருக்கியில் முதல் சர்வதேச வாள்வீச்சுப் போட்டி. மூணு நிமிஷம் லேட்டா போனதுக்கு கறுப்பு அட்டை காட்டி, போட்டியை விட்டே அனுப்பிட்டாங்க!

2004-ல் ஸ்கூல்ல மத்த கேம்ஸ்ல இடம் நிரம்பிட்டதால வாள் பிடிச்சவங்க இவங்க. நிஜ வாள் விலை எக்கச்சக்கம். அதனால மூங்கில் குச்சியில் பிராக்டிஸ்! கறுப்பு அட்டைக்கு அப்புறமும் விடலை. கேரளாவில் தலச்சேரி, பிறகு இத்தாலியில் லிவோர்னோன்னு பயிற்சி தொடர்ந்தது.

2021 ஜூலை 26, டோக்கியோ. ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியர்! துனிசியாவின் நாடியா பென் அஜிஸியை 15-3-ன்னு சாய்ச்சாங்க. அடுத்த சுற்றில் பிரான்ஸின் மனோன் புருனேகிட்ட 7-15-ல் தோல்வி. அதோட முடியலை பாஸ்... 2023 ஆசிய சாம்பியன்ஷிப்பில் உலக சாம்பியன் மிசாகி எமுராவையே ஜெயிச்சு, வெண்கலம்!

அடுத்த எக்ஸாமுக்கு அரை மணி நேரம் முன்னாடியே காலேஜ்ல ஆஜர். கேட்தான் இன்னும் திறக்கலை!