முதலில் ஜன்னலைத் திறங்கள்!

ஒரு கைக்கடிகாரத்தை உருப்படியாகப் போட்டோ எடுக்க எவ்வளவு செலவாகும்? விவரம் தெரிந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மேக்ரோ லென்ஸ் என்பார். லைட் பாக்ஸ் என்பார். இரண்டு பக்கமும் விளக்கு, ஒரு டிரைபாட், முடிந்தால் ஒரு ரிங் லைட். கூட்டிப் பார்த்தால், படம் எடுக்கப் போகிற வாட்ச்சைப் போல இருபது வாட்ச் வாங்கிவிடலாம்.

இது அறிவுரை இல்லை சார், வியாபாரம். என் கட்சி இதுதான். சட்டைப் பையில் இருக்கிற போன், வீட்டு ஜன்னல், வெள்ளைச் சார்ட் ஒன்று, கறுப்புச் சார்ட் ஒன்று, கொஞ்சம் பட்டர் பேப்பர். இதற்கு மேல் செலவழிக்காதீர்கள். இவற்றை வைத்து நல்ல படம் வராதவருக்கு லட்ச ரூபாய் கேமராவிலும் வராது. அதே மோசமான படம் இன்னும் துல்லியமாக வரும். அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். வாட்ச் என்பது படம் எடுப்பவர்களைப் பொறுத்தவரை கடிகாரமே இல்லை. அது ஒரு கண்ணாடி. மேலே கண்ணாடி, சுற்றிலும் பளபளக்கும் எஃகு, உள்ளே மினுக்கும் முட்கள். அதற்கு நேராக எதை நீட்டினாலும் அதைத் திருப்பிக் காட்டும். உங்கள் போன், விரல், மூக்கு, தலைக்கு மேலே இருக்கும் டியூப்லைட், எல்லாம் டயலில் வந்து உட்காரும். பழைய எச்.எம்.டி. ஜனதா மாதிரி மேல்கண்ணாடி லேசாகக் குவிந்த வாட்ச் என்றால் இன்னும் மோசம். அறையில் பாதி அதற்குள் தெரியும்.

கண்ணாடியில் ஒளி விழுகிற கோணமும் திரும்புகிற கோணமும் ஒன்று என்று பள்ளியில் படித்தோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். வாட்ச் போட்டோவுக்கு வேண்டிய மொத்த விஞ்ஞானமும் அந்த ஒரு வரிதான். வாட்ச்சின் கண்ணாடி எதைப் பார்க்கிறதோ அதுவே படத்தில் வரும். அது கறுப்பைப் பார்த்தால் டயல் பளிச்சென்று தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். இதை எந்த லென்ஸும் மாற்றாது.

சரி, செய்முறை. வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரமாக ஒரு மேஜையைப் போடுங்கள். வெயில் விழுந்தால் பட்டர் பேப்பரை ஜன்னலில் ஒட்டுங்கள், வெளிச்சம் பாலாகப் பரவும். அறையில் இருக்கிற எல்லா விளக்கையும் அணையுங்கள். இது முக்கியம். பகல் வெளிச்சம் நீலம் கலந்தது, குண்டு பல்பு மஞ்சள். இரண்டும் சேர்ந்தால் எஃகு ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பித்தளையாகவும் தெரியும்.

வாட்ச்சை வெள்ளைச் சார்ட்டில் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் இன்னொரு துண்டு வெள்ளைச் சார்ட்டையோ தெர்மாகோலையோ நிறுத்துங்கள். இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சம் திரும்பி வரும். கறுப்புச் சார்ட்டின் நடுவே லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் படம் எடுங்கள். வாட்ச் பார்ப்பது கறுப்புச் சார்ட்டை மட்டும். நீங்கள் காணாமல் போய்விடுவீர்கள். பத்து ரூபாய் மாயம்!

போனை வாட்ச்சின் மேல் கொண்டுபோய் முட்டாதீர்கள். ரொம்பக் கிட்டே போனால் நடுப்பகுதி பூரி மாதிரி உப்பும். சில போன்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறிக்கொண்டு இன்னும் உப்ப வைக்கும். ஓர் அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். டயலில் இருக்கும் எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். போனை நாலு தடிப் புத்தகத்தின் மேல் சாய்த்து, இரண்டு விநாடி டைமர் போடுங்கள். கை நடுக்கம் படத்துக்குள் வராது. வெள்ளைப் பின்னணி சாம்பலாக வந்தால் போன் ஏமாந்திருக்கிறது என்று அர்த்தம். அது எதைப் பார்த்தாலும் சராசரி சாம்பலாக்கத்தான் முயலும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்பு டயல் வெளிறி வந்தால் குறையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாட்ச்சைத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி, படத்தில் பாறாங்கல்லாகத் தெரியும். வாயால் ஊதாதீர்கள். எச்சில் தெறிக்கும், அதையும் துடைக்க வேண்டியிருக்கும்.

"அதெல்லாம் இருக்கட்டும், விளம்பரத்தில் வருகிற மாதிரி வருமா?" என்பீர்கள். வராது. வரவும் வேண்டாம். விளம்பரப் படம் பெரும்பாலும் ஒரே படம் இல்லை. முள்ளுக்கு ஒன்று, டயலுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று தனித்தனி வெளிச்சத்தில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டு, இழைத்து எடுத்தது. முட்களைக்கூட 10 மணி 10 நிமிடத்தில் நிறுத்தி, வாட்ச்சைச் சிரிக்க வைத்திருப்பார்கள். லிங்கன் செத்த நேரம் அது என்று வாட்ஸ்அப் மாமாக்கள் சொல்வதை நம்பாதீர்கள். அவர் சுடப்பட்டது இரவு பத்தே கால் வாக்கில், இறந்தது மறுநாள் காலை 7.22-க்கு. கம்பெனி பெயரை மறைக்காமல் முட்கள் சமமாக விரிகிற நேரம் என்பதுதான் விஷயம். விளம்பரக்காரர் ஆசையைப் படம் எடுக்கிறார். நீங்கள் எடுக்க வேண்டியது வாட்ச்சை.

இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு சண்டையும் போடுகிறேன்.

பழைய வாட்ச் இன்று பெரிய சந்தை. எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. 2016-ல் மத்திய அரசு அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட முடிவெடுத்தது. மூடுகிறார்கள் என்றதும் திடீரென்று எல்லோருக்கும் பாசம் பொங்கியது. அப்பா கட்டியிருந்ததைத் தேடி ஆளாளுக்கு ஆன்லைனில் அலைகிறார்கள். அங்கே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை, ஊதா டயல்களில் வாட்ச்கள் காத்திருக்கின்றன. பல வாட்ச்களின் உள்ளே இருப்பது ஏதோ ஒரு பழைய இயந்திரம், மேலே இருப்பது நேற்று அடித்த பெயிண்ட். சேகரிப்பவர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது? போட்டோவில் நடக்கிறது. நேர் எதிரே இருந்து பளீரென்று அடிக்கிற வெளிச்சம் கீறலை விழுங்கும், பெயிண்டின் மேடுபள்ளத்தை விழுங்கும். கடைக்காரர்கள் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிற ரிங் லைட் செய்கிற வேலை அதுதான். பக்கவாட்டில் சாய்ந்து வருகிற ஜன்னல் வெளிச்சம் அப்படி விடாது. தடித்த எழுத்து, கோணலாக நிற்கும் நிமிடக் கோடு, மழுங்கத் தேய்த்த விளிம்பு எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிடும். விலையில்லாத வெளிச்சம்தான் உண்மை பேசுகிறது. காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம், கொடுத்தவன் சொல்படி கேட்கிறது.

ஆகவே வாங்குகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். "ஜன்னல் ஓரமாக வைத்து எடுத்து அனுப்புங்கள். நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, பின்பக்கம் ஒன்று, மூடியைத் திறந்து இயந்திரம் ஒன்று." மறுத்தால் விட்டுவிடுங்கள். ஜன்னல் இல்லாத வீடு இருக்கலாம், வாசல் இல்லாத வீடு கிடையாது.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போனில் இருக்கும் அழகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், அது சாவித் திருகையே கடித்துத் தின்றுவிடும். கீறலை மறைக்காதீர்கள், அதற்கென்று தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கீறலைக் காட்டுகிற ஆளை நம்பித்தான் மிச்சத்தையும் வாங்குவார்கள்.

வாங்கவும் விற்கவும் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு பீரோவில் தாத்தாவின் வாட்ச் ஏதாவது தூங்கிக்கொண்டிருக்கும். சாவி கொடுத்தால் ஓடலாம், ஓடாமலும் போகலாம். பின்மூடியில் ஓர் எண் இருந்தால் அதையும் சேர்த்து நாலு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அது தொலைந்து ஸ்டேஷனுக்குப் போனால், "வட்டமா, வெள்ளையா இருக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கேமரா வாங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட படங்கள் நம் வீடுகளில் ஏராளம். அந்தக் கேமராவை யாரும் வாங்கப் போவதில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் வரும், இலவசமாக.